டோக்கியோவிலிருந்து மியூனிக்குக்கு இரண்டு முறை



2022 செப்டம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு போட்டி நடந்தது. அந்த நாட்டின் வானொலி நிறுவனங்கள் சேர்ந்து 1952 முதல் நடத்திவரும் ஏஆர்டி சர்வதேச இசைப் போட்டி அது. மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் பயிலும் இளைஞர்களுக்கு அது ஐ.ஏ.எஸ். பரீட்சை மாதிரி. முதல் பரிசுக்குத் தகுந்தவர் யாரும் இல்லை என்று நடுவர்கள் நினைத்தால், அந்தப் பரிசையே கொடுக்காமல் விட்டுவிடுவார்கள். அப்படிப் பல முறை செய்தும் இருக்கிறார்கள்.

அந்த ஆண்டு நால்வர் குழுப் பிரிவில் முதல் பரிசை லண்டனில் பயின்ற பார்பிகன் குவார்டெட் வாங்கியது. இரண்டாம் பரிசும், கேட்கவந்த ரசிகர்கள் வாக்களித்துத் தரும் பரிசும் ஜப்பானிலிருந்து வந்த ‘குவார்டெட் இன்டெக்ரா’ என்ற குழுவுக்குக் கிடைத்தன. நால்வரும் இருபது வயதுகளில் இருந்தவர்கள். இதற்கு முந்தைய ஆண்டுதான் ஹங்கேரியில், புடாபெஸ்டில் நடந்த பார்டோக் உலகப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தார்கள்.

இப்படிச் செய்தி வந்தால் நாம் சாதாரணமாக என்ன சொல்வோம்? “ஜப்பான்காரர்கள் கட்டுப்பாடானவர்கள், உழைப்பாளிகள்” என்போம். இல்லாவிட்டால் “பிறவியிலேயே வந்த ஞானம்” என்போம். இரண்டும் பாதி உண்மைகூட இல்லை என்பது என் அபிப்பிராயம். வங்கியில் 37 ஆண்டு குப்பை கொட்டியவன் நான். ஒரு கணக்கில் இன்றைக்குப் பெரிய தொகை இருந்தால், அது எங்கிருந்து வந்தது, யார் எப்போது போட்டது என்று பின்னோக்கிப் பக்கம் புரட்டுவதே எங்கள் பழக்கம். இந்தக் குழுவின் கணக்கை அப்படிப் புரட்டினால் 1948-இல் போய் நிற்கிறது. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

முதலில், நால்வர் குழு என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய, குரல் கனத்த வயோலா ஒன்று, உட்கார்ந்து முழங்கால்களுக்கு இடையில் வைத்து வாசிக்கும் செல்லோ ஒன்று. அவ்வளவுதான். வயலின் நமக்குப் புதிதல்ல. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் நம் கச்சேரியில் நடுவில் ஒருவர் உட்காருவார், மற்றவர்கள் பக்கவாத்தியம். நால்வர் குழுவில் அந்த நடு இடமே இல்லை. கோல் பிடித்து நடத்துகிறவரும் கிடையாது.

சும்மா சொல்லி விளங்காது, ஓர் உதாரணம் தருகிறேன். ஹைடன் என்ற ஆஸ்திரிய மேதை 68 நால்வர் படைப்புகள் எழுதினார். அதில் ‘எம்பரர்’ என்று பெயர் பெற்றது ஒன்று. அதன் இரண்டாம் பகுதியில் ஒரே ஒரு மெட்டு. முதலில் அதை முதல் வயலின் வாசிக்கும். அடுத்த சுற்றில் மெட்டு இரண்டாம் வயலினுக்குப் போய்விடும், முதல் வயலின் அதைச் சுற்றி மெலிதாகக் கோலம் போடும். அடுத்து செல்லோ, அதற்கடுத்து வயோலா. மெட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறாது, வீட்டுச் சாவியைக் கைமாற்றுவதுபோல ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். சாவி கையில் இல்லாதவர்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும் என்பது அதைக் கேட்டால் புரியும். (இந்த மெட்டுதான் இன்று ஜெர்மனியின் தேசிய கீதம்.)

நான்கு பேர் என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் சங்கச் செயற்குழுவில் உறுப்பினர் எண்ணிக்கையை ஒற்றைப்படையில் வைத்திருப்பது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் தீர்ப்புச் சொல்ல ஐந்தாவது ஆள் இல்லை. ஓர் இடத்தை வேகமாக வாசிப்பதா, நிதானமாக வாசிப்பதா என்பதை வாதாடி, வாசித்துப் பார்த்து, மறுபடி வாதாடித்தான் முடிவு செய்ய வேண்டும். விரல் பயிற்சியைத் தனியாக உட்கார்ந்து செய்துகொள்ளலாம். இதைத் தனியாகக் கற்க முடியாது, கற்றவர்களோடு இருந்துதான் கற்க முடியும். ஆகையால் ஒரு நாட்டில் நல்ல நால்வர் குழுக்கள் தோன்றுகின்றன என்றால், அங்கே கற்றவர்கள் யாரோ ஊர் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜப்பானில் அப்படி முதலில் திரும்பி வந்தவர் சைட்டோ ஹிடேயோ. 1902-இல் டோக்கியோவில் பிறந்தவர். அப்பா ஊரறிந்த ஆங்கிலப் பண்டிதர், இலக்கணமும் அகராதியும் எழுதியவர். பிள்ளை செல்லோ கற்க 1923-இல் ஜெர்மனிக்குப் போனார். லைப்சிக் நகரில் யூலியஸ் கிளெங்கல் என்ற ஆசானிடம் நான்கு ஆண்டு. ஊருக்கு வந்து, இன்றைய என்எச்கே சிம்பொனிக்கு முன்னோடியான இசைக்குழுவில் செல்லோ வாசித்தார். அது போதாது என்று தோன்றியது போலும். 1930-இல் மறுபடி ஜெர்மனி, இந்த முறை பெர்லினில் எமானுவேல் ஃபாயர்மனிடம். ஃபாயர்மன் சைட்டோவைவிட வயதில் சிறியவர். வேலையில் இருக்கிற மனிதர், தன்னைவிட இளையவரிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்தார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

1945-இல் போர் முடிந்தபோது டோக்கியோ சாம்பல் மேடு. சோற்றுக்கே ரேஷன். அந்த நிலையில் 1948-இல், சைட்டோவும், பியானோ கலைஞர் இகுச்சி மோட்டோனாரியும், விமர்சகர் யோஷிடா ஹிடேகசுவும் இன்னும் சிலரும் சேர்ந்து ‘குழந்தைகளுக்கான இசைப் பள்ளி’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாதபோது சங்கீதமா என்று அப்போது கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் அவர்கள் கணக்கு வேறு. சின்ன வயதில் காதைப் பழக்காவிட்டால் பிறகு பழக்க முடியாது, இந்தக் குழந்தைகள் வயதுக்கு வந்து நிற்கப் பதினைந்து, இருபது ஆண்டு ஆகும், அதனால் இன்றே தொடங்க வேண்டும் என்பது.

குழந்தைகள் வளர வளரப் பள்ளியும் வளர்ந்தது. 1952-இல் டோஹோ பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இசைப் பிரிவு தொடங்கப்பட்டது. பெண்கள் பள்ளிதான், ஆனால் இசைப் பிரிவில் பையன்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அந்த முதல் வகுப்புப் பையன்களில் ஒருவர் செய்ஜி ஒஸாவா. ரக்பி விளையாடி விரலில் அடிபட்டு, பியானோவை விட்டு, இசைக்குழு நடத்தும் கலையை சைட்டோவிடம் கற்றவர். பிற்காலத்தில் அமெரிக்காவில் பாஸ்டன் சிம்பொனியை 1973 முதல் 2002 வரை நடத்தினார். 2024 பிப்ரவரியில் காலமானார். பள்ளிக்குப் பின்னால் கல்லூரியும் வந்தது, அதுதான் டோஹோ கக்குவென். இன்டெக்ரா குழு 2015-இல் உருவானது அந்தக் கல்லூரியில்தான்.

சைட்டோ கடும் கோபக்காரர். அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அடித்துத் திட்டிக் கற்பிப்பதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் நம்மிடமும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோபத்தால் அல்ல, கோபத்தையும் மீறித்தான் அந்த மாணவர்கள் கற்றார்கள் என்று நினைக்கிறேன். அவரிடம் விலைமதிப்புள்ள விஷயம் வேறொன்று. ஒரு வாக்கியத்தில் எது எழுவாய், எது பயனிலை என்று அப்பா பிரித்துக் காட்டியதுபோல, ஓர் இசை வாக்கியத்தில் எந்த ஸ்வரம் தாங்குகிறது, எது சாய்ந்து நிற்கிறது என்று பிள்ளை பிரித்துக் காட்டினார். இசைக்குழு நடத்தக் கை அசைக்கும் முறையைக்கூட வகை பிரித்து 1956-இல் பாடநூலாக வெளியிட்டார். பிரித்துச் சொல்லக்கூடிய ஒன்றுதான் கைமாறும். இல்லாவிட்டால் ஆசான் போனால் வித்தையும் கூடப் போய்விடும்.

இனி முதல் மியூனிக் பயணம்.

1960-களில் அமெரிக்காவிலிருந்து ஜூலியர்ட் குவார்டெட் என்ற குழு ஜப்பானுக்கு வந்து, நிக்கோ என்ற மலை ஊரில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 1946-இல் நியூயார்க்கில் ராபர்ட் மான் என்ற வயலின் கலைஞர் தொடங்கிய குழு அது. சைட்டோவின் மாணவர்கள் சிலர் அதைக் கேட்டுக் கிறங்கிப் போனார்கள். எங்கே போனால் இதை முழுதாகக் கற்கலாம் என்று தேடி அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். போன உடனே கல்லூரி வாசல் திறந்துவிடவில்லை. சிலர் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகர இசைக்குழுவில் சம்பளத்துக்கு வாசித்தார்கள்.

கடைசியில் 1969-இல் நியூயார்க்கின் ஜூலியர்ட் பள்ளியில் நால்வர் சேர்ந்தார்கள். முதல் வயலின் கோய்ச்சிரோ ஹராடா, இரண்டாம் வயலின் யோஷிகோ நகுரா என்ற பெண், வயோலா கசுஹிடே இசோமுரா, செல்லோ சடாவ் ஹராடா. (இரண்டு ஹராடாக்களும் வேறு வேறு ஆட்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இசோமுரா அடிப்படையில் வயலின்காரர். குழுவுக்கு வயோலா வேண்டும் என்பதற்காக வாத்தியம் மாறினார். நான்கு பேரும் டோஹோவில் படித்தவர்கள். குழுவுக்கு டோக்கியோ குவார்டெட் என்று பெயர் வைத்தார்கள்.

மறு ஆண்டு, 1970-இல், மியூனிக்கில் அதே ஏஆர்டி போட்டி. முதல் பரிசு டோக்கியோ குவார்டெட்டுக்கு.

ஹைடனும் பீத்தோவனும் பிறந்து வாழ்ந்த மண்ணின் மொழி பேசும் ஊரில், நால்வர் இசையில், கிழக்காசியாவிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் முதலிடம். 1948-இல் போட்ட வைப்பு, 22-ஆவது ஆண்டில் முதிர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சைட்டோ அதைப் பார்த்துவிட்டுத்தான் 1974-இல் காலமானார்.

அந்தக் குழு அதன் பிறகு 2013 வரை, மொத்தம் 44 ஆண்டு வாசித்தது. அந்த 44 ஆண்டுக்குள் எத்தனை மாற்றம் என்று பாருங்கள். 1974-இல் நகுரா விலகினார், கிகுவெய் இகெடா வந்தார். 1981-இல் முதல் வயலினான ஹராடாவே விலகினார், கனடாக்காரர் பீட்டர் ஊஞ்சன் வந்தார். நான்கு ஜப்பானியர் இருந்த குழுவில் ஒருவர் வெளிநாட்டவர் ஆனதும், ஒத்திகையின் மொழி ஆங்கிலமாயிற்று. ஊஞ்சன் கை நோயால் 1995-இல் விலக நேர்ந்தது. ரஷ்யாவின் மிகயில் கோபெல்மன் வந்தார். 1999-இல் செல்லோவுக்கு இங்கிலாந்தின் கிளைவ் கிரீன்ஸ்மித், 2002-இல் முதல் வயலினுக்குக் கனடாவின் மார்ட்டின் பீவர். தொடக்கம் முதல் கடைசி வரை இருந்தவர் வயோலா வாசித்த இசோமுரா ஒருவர் மட்டும். நால்வர் குழுவில் வயோலாக்காரர் பெயர் யார் நினைவிலும் நிற்பதில்லை. நம் குடியிருப்பில் மோட்டார் அறைச் சாவியை வைத்திருப்பவர் மாதிரி. அவர் இல்லாத அன்றுதான் தெரியும்.

வங்கிக்காரன் என்பதால் இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1995 முதல் இந்தக் குழு வாசித்த வாத்தியங்கள் நான்கும் இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி செய்தவை. வயலின்கள் 1680, 1727, வயோலா 1731, செல்லோ 1736. நான்கையும் ஒருகாலத்தில் வைத்திருந்தவர் பகானினி. ஜப்பானின் நிப்பான் இசை அறக்கட்டளை 1994-இல் இவற்றை 1.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 47 கோடி ரூபாய். வாங்கிப் பெட்டகத்தில் பூட்டவில்லை, வாசிக்கக் கொடுத்தது. டோக்கியோ குவார்டெட் 2013-இல் கலைந்ததும் ஆஸ்திரியாவின் ஹாகன் குவார்டெட்டிடம் போனது. பிறகு மியூனிக்கைச் சேர்ந்த இளைய குழுவான கோல்ட்முண்ட் குவார்டெட்டிடமும் வந்தது. வட்டியில்லாத கடன், அடமானமும் இல்லை. எங்கள் கிளையில் இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருந்தால் மேலாளருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும்.

சரி, டோக்கியோ குவார்டெட் பேர் வாங்கியது நியூயார்க்கில். 1976 முதல் அவர்கள் பாடம் நடத்தியது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில். அதனால் ஜப்பானில் இருந்த பிள்ளைகளுக்கு என்ன லாபம்? இந்தக் கேள்விதான் முக்கியம். நம் ஊர்ப் பிள்ளைகள் வெளிநாடு போய்ப் பேர் வாங்கினால் நாம் சந்தோஷப்படுகிறோம். அவர்கள் கற்றது இங்கே திரும்பி வருமா என்று யாரும் கேட்பதில்லை.

ஜப்பானில் அது திரும்பி வந்தது, ஆனால் தானாக வரவில்லை. வருவதற்கு ஓர் இடம் செய்து கொடுத்தார்கள். டோக்கியோவில் 1986-இல் சன்டோரி ஹால் திறக்கப்பட்டது. விஸ்கியும் பீரும் விற்கும் சன்டோரி நிறுவனம் கட்டிய அரங்கம். பெரிய அரங்கில் 2,006 இருக்கைகள். பக்கத்தில் ‘புளூ ரோஸ்’ என்ற சிறிய அரங்கம், நானூறு பேர் அளவுக்கு. இந்த ஹாலுக்கு 2007 முதல் தலைவர் ட்சுயோஷி ட்சுட்சுமி என்ற செல்லோ மேதை. அவரும் யார் மாணவர் என்கிறீர்கள்? சைட்டோவின் மாணவரேதான். 1963-இல் புடாபெஸ்டில் நடந்த கசால்ஸ் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர், பிறகு டோஹோ கல்லூரிக்கும் தலைவராக இருந்தவர்.

2010-இல் அவர் தலைமையில் சன்டோரி ஹால் சேம்பர் மியூசிக் அகாடமி தொடங்கியது. சேம்பர் மியூசிக் என்றால் இரண்டு பேர் முதல் எட்டுப் பத்துப் பேர் வரை, ஆளுக்கு ஒரு பங்காக வாசிக்கும் இசை. அகாடமி என்றதும் பெரிய வளாகத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும், அல்லது படித்து முடித்த இளைஞர் குழுக்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுக் காலம், மாதந்தோறும் வரவழைத்துப் பாடம் நடத்துகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, ஜூனில், ‘சேம்பர் மியூசிக் கார்டன்’ என்ற விழா. உலகின் பெரிய குழுக்கள் வந்து வாசிக்கும் அதே புளூ ரோஸ் மேடையில் இந்தப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும். வந்த பெரிய குழுக்களிடம் பாடம் கேட்கவும் வாய்ப்பு.

பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தக் கட்டுரை எழுதவே தோன்றியது. கோய்ச்சிரோ ஹராடா. கிகுவெய் இகெடா. கசுஹிடே இசோமுரா. டோக்கியோ குவார்டெட்டில் முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா. செல்லோவுக்கு ட்சுட்சுமி இருக்கிறார். 1970-இல் மியூனிக் மேடையில் பரிசு வாங்கிய கைகளில் இரண்டு ஜோடி, நாற்பது ஆண்டு கழித்து டோக்கியோவில் ஒரு சிறிய அறையில், இருபது வயதுப் பிள்ளைகளுக்கு வில் பிடிக்க வழி சொல்லிக்கொண்டிருந்தன.

இன்டெக்ரா குழு அந்த அறையிலிருந்து வந்தது. முதல் வயலின் கியோகா மிசாவா, இரண்டாம் வயலின் ரின்டாரோ கிகுனோ, வயோலா இட்சுகி யமமோட்டோ, செல்லோ அன்ரி ட்சுகிஜி. டோஹோ மாணவர்களாகச் சேர்ந்தார்கள், அகாடமியில் பயின்றார்கள், 2019-இல் ஜப்பானுக்குள் அகியோஷிடாய் போட்டியில் முதல் பரிசு வாங்கினார்கள். 2021-இல் புடாபெஸ்ட், 2022-இல் மியூனிக். இவர்களுக்கு முன்னால், டோஹோவிலேயே 2015-இல் உருவான அமாபிலே குவார்டெட்டும் 2016-இல் மியூனிக்கில் மூன்றாம் பரிசு வாங்கியிருந்தது. ஆகவே இது குருட்டு அதிர்ஷ்டமாக விழுந்த ஒரு பரிசு அல்ல.

புடாபெஸ்ட் பரிசைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அதுதான். பேலா பார்டோக் ஹங்கேரிக்காரர். புடாபெஸ்டின் லிஸ்ட் அகாடமியில் பாடம் நடத்தியவர். அவர் எழுதிய நால்வர் படைப்புகள் ஆறு. வாசிக்கவும் கடினம், முதல் முறை கேட்கவும் கடினம். நாஜிகளின் கை ஓங்கியதால் 1940-இல் நாட்டைவிட்டு அமெரிக்காவுக்குப் போனார், 1945-இல் நியூயார்க்கிலேயே காலமானார். அடுத்த ஆண்டு தொடங்கிய ஜூலியர்ட் குவார்டெட், யாரும் எளிதில் தொடாத அந்த ஆறு படைப்புகளையும் கையில் எடுத்தது, 1949-இல் ஆறையும் ஒலிப்பதிவு செய்தது. ஜூலியர்ட்டாரிடம் கற்ற டோக்கியோ குவார்டெட்டும் ஆறையும் ஒலிப்பதிவு செய்தது. டோக்கியோ குவார்டெட்டின் ஆட்களிடம் கற்ற இன்டெக்ரா, லிஸ்ட் அகாடமி நடத்திய பார்டோக் போட்டியில் புடாபெஸ்டிலேயே முதல் பரிசு வாங்கியது. புடாபெஸ்டில் புறப்பட்டது நியூயார்க், டோக்கியோ எல்லாம் சுற்றி, எண்பது ஆண்டு கழித்துப் புடாபெஸ்ட் கிளைக்கே வந்து சேர்ந்தது. இடையில் எந்தக் கிளையில் ஒருவர் “எனக்கெதற்கு வம்பு” என்று விட்டிருந்தாலும் இது நடந்திருக்காது.

மியூனிக் முடிந்ததும் இன்டெக்ரா எங்கே போனது என்று கேட்டால் நீங்களே ஊகித்துவிடுவீர்கள். 2022-இலேயே அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் கோல்பர்ன் பள்ளிக்குப் போனார்கள். அங்கே நால்வர் இசைக்கு ஆசான்கள் மார்ட்டின் பீவரும் கிளைவ் கிரீன்ஸ்மித்தும். டோக்கியோ குவார்டெட்டின் கடைசி முதல் வயலினும் கடைசி செல்லோவும்! அந்தக் கல்லூரியில் மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது, தங்க இடமும் இலவசம். ஒரே குழுவின் தொடக்க கால ஆட்களிடம் டோக்கியோவிலும், இறுதிக் கால ஆட்களிடம் லாஸ் ஏஞ்சல்ஸிலும் கற்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

சடாவ் ஹராடா என்ன ஆனார் என்று யாராவது கேட்கலாம். அவரும் சும்மா இல்லை. ஒஸாவா தன் பங்குக்கு நாகானோ மாகாணத்தில் ஒகுஷிகா என்ற மலைப்பகுதியில் 1996 முதல் கோடைக்கால நால்வர் பயிற்சி நடத்தி, 2011-இல் அதை ஆசிய இளைஞர்கள் அனைவருக்குமான அகாடமியாக மாற்றினார். ராபர்ட் மானும் அங்கே வந்து கற்பித்திருக்கிறார். சடாவ் ஹராடா அந்த அகாடமியின் ஆசிரியர். பாஸ்டன், வியன்னா என்று நூறு பேர் கொண்ட இசைக்குழுக்களையே நடத்திய ஒஸாவா, கடைசிக் காலத்தில் நான்கு பேர் வாசிக்கும் இசையைக் கற்பிக்க ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருந்தார்? சைட்டோ சொல்லிக் கொடுத்தது அதைத்தான். நூறு பேர் குழுவிலும் பக்கத்து நாற்காலிக்காரர் வாசிப்பதைக் கேட்கத் தெரியாதவரால் பயனில்லை.

எல்லாம் இனிப்பாகவே எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நால்வர் குழுவாகப் பிழைப்பது கஷ்டம். தனி வித்துவான் ஒருவர் வாங்கும் சன்மானத்தை இங்கே நான்காகப் பிரிக்க வேண்டும். ரயில் டிக்கெட் நான்கு, விடுதி அறை நான்கு. ஒத்திகை நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை, ஒத்திகையோ கச்சேரியைப் போலப் பல மடங்கு. போட்டியில் பரிசு வாங்கிய பிறகும் இரண்டு, மூன்று ஆண்டில் கலைந்துபோன குழுக்கள் ஏராளம். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு ஏதோ இசைக்குழுவில் மாதச் சம்பளம், ஒருவருக்கு உடம்பு என்று போய்விடும். நிலையான வேலையைத் தேடிப் போகிறவரைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. மாதம் பிறந்தால் சம்பளம் என்ற ஒரே காரணத்துக்காக வங்கியில் சேர்ந்தவன் நான்.

இன்டெக்ராவிலும் மாற்றம் வந்தது. 2024-இல் செல்லோவுக்குக் கொரியாவின் பாக் யே-உன் வந்தார். 1981-இல் டோக்கியோ குவார்டெட்டுக்கு நேர்ந்ததேதான். மூன்று ஜப்பானியர், ஒரு வெளிநாட்டவர். ஒன்பது ஆண்டு ஒன்றாக மூச்சுவிட்டுப் பழகியவர்கள், புதியவரோடு முதலிலிருந்து கேட்கக் கற்க வேண்டும். எப்படிச் செய்வது என்று கேட்க, அதையே நான்கைந்து முறை செய்தவர்கள் இவர்களுக்கு ஆசிரியர்களாக வாய்த்திருக்கிறார்கள்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. பார்டோக்கிலிருந்து தொடங்காதீர்கள், ஓடிவிடுவீர்கள். நான் சொன்ன ஹைடனின் ‘எம்பரர்’, இரண்டாம் பகுதி மட்டும், ஏழெட்டு நிமிடம்தான். முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை, மெட்டு இப்போது யார் கையில் என்று பின்தொடருங்கள். மூன்றாம் முறை, மெட்டு இல்லாத மூன்று பேரும் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். ஏஆர்டி போட்டியின் காணொளிகளும் இணையத்தில் இருக்கின்றன. வயலின் கற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், எந்த வாத்தியம் எது என்று அவர்கள் நமக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள். பெரிய ஒலிபெருக்கியில் சேர்ந்து கேட்க ஆசைப்படுகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிறு மாலை சமுதாயக் கூடத்தைச் செயலாளரிடம் கேட்டுப் பார்க்கலாம்.